சுவரோடு இறுக்கிய அலுமாரி

வீட்டுக்காரர் ஸ்ரீதரன், முருகன் கலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிப்பதென்றாலும் தன்னைக் கேட்க வேண்டும் என்பவர். அவரிடம் போய் நாலு பெரிய துளைகளுக்கு அனுமதி கேட்டேன்.

"துவக்கு அலுமாரியோ? இந்த ரொம்மன் ஊருக்குள்ளை துவக்கு வச்சு ஆரைச் சுடப்போறீர், இரவீந்திரன்?"

"எனக்கில்லை அண்ணை. மகள் சாருகா குறிபாத்துச் சுடுற கிளப்பிலை இருக்கிறாள். அலுமாரி பாரம் குறைவு, கள்ளன் தூக்கிக்கொண்டு போயிடுவான். சுவரோடை இறுக்கினாத்தான் சட்டப்படி சரி."

"எங்கட ஆள் எண்டதாலை விடுறன். போகேக்கை அடைச்சுப்போட்டுப் போகவேணும்."

கொங்கிறீற்றுச் சுவரில் நானே துளைத்து, போல்ட்டுகளை மூச்சுப்பிடித்து இறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நான் வேலை செய்த களஞ்சியத்தை மூடியபிறகு உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான். சாருகா கைதட்டினாள். பல்கலைக்கழகத்தில் ஒருவரோடும் ஒட்டாமல் அறைக்குள்ளேயே கிடந்த பிள்ளை. சுடப் பழகிய பிறகுதான் சிரிப்புத் திரும்பியது. கோடைகாலப் போட்டிக்கும் எடுபட்டிருந்தாள்.

"பூட்டின்ரை இலக்கத்தை எனக்குச் சொல்லிப்போடாதை" என்றேன்.

"சொல்லக் கூடாது அப்பா, அதுதான் சட்டம்."

"பிறந்தநாளையும் வைக்காதை."

"எனக்கென்ன விசரோ? ஒருத்தராலையும் கண்டுபிடிக்கேலாத நாள் ஒண்டு வச்சிருக்கிறன்."

சட்டத்துக்காக நான் கேட்கவில்லை. வாழப் பிடிக்கவில்லையா என்று மாசிமாதம் டொக்டர் கேட்டபோது, அப்படி ஒன்றுமில்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தவன் நான். மனைவி அஜந்தாவுக்கும் சொல்லவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் நின்று நின்று கால் வீங்கி வருகிறவள். அவளிடம் எதைச் சொல்வது?

இரண்டு கிழமை கழித்து ஒரு வியாழன் மத்தியானம். வீட்டில் ஒருவருமில்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் தின்ன மனமில்லாமல் எழும்பி, அலுமாரிக்கு முன்னால் போய் நின்றேன். ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாத நாள்.

என் தம்பி தயாபரன் வன்னியிலிருந்து கடைசியாகத் தொலைபேசி எடுத்தது இரண்டாயிரத்து ஒன்பது மே பதினாலு. "சாப்பிட்டியளோ அண்ணை" என்று கேட்டான், தொடர்பு அறுந்தது. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. திதி என்னவென்று ஐயர் கேட்டபோது சொல்ல ஒரு நாள் இருக்கவில்லை. அதனால் அவன் கதைத்த நாளிலேயே வருடாவருடம் விளக்கேற்றுகிறோம். எந்தப் பதிவிலும் இல்லாத நாள். உலகத்தில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த நாள்.

ஆறு இலக்கங்களையும் அழுத்தினேன். கதவு திறந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டதுபோல ஒரு ஆறுதல்தான் வந்தது. அந்த ஆறுதலை உணர்ந்த பிறகுதான் பயந்தேன். கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே ஓடி, மாடிப்படியில் இருந்துகொண்டு சாருகாவுக்கு எடுத்தேன்.

"பிள்ளை, நான் அலுமாரியைத் திறந்துபோட்டன்."

"சித்தப்பான்ரை நாளோ? ஐயோ அப்பா, நீங்கள் கண்டுபிடிப்பீங்களெண்டு நான் யோசிக்கவேயில்லை. பின்னேரம் வந்து மாத்திவிடுறன்."

"மாத்தாதை. துவக்கை எடுத்துக்கொண்டு போயிடு. இப்பவே வா."

அவள் குரல் மாறியது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, இப்ப எங்கை நிக்கிறீங்கள்?"

"படியிலை."

"அங்கையே இருங்கோ. ஃபோனை வைக்காதேங்கோ. கதைச்சுக்கொண்டே வாறன்."

முக்கால் மணித்தியாலம் கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று நினைவில்லை. வழி முழுக்க அவளுக்கு மூச்சு வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

துவக்கைக் கிளப்பிலேயே ஒப்படைத்துவிட்டாள். டொக்டரிடம் என்னைக் கூட்டிப்போய், நான் முழுதும் சொல்லி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். திருடனுக்குப் பயந்து இறுக்கிய அலுமாரி வெறுமையாக நிற்கிறது. போல்ட்டுகளைக் கழற்ற எனக்குத் தெம்பில்லை.

சனிக்கிழமைகளில் அவள் இப்போது சுடப் போவதில்லை. போட்டிக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டாள். எனக்கு எதிரே இருந்து படிக்கிறாள். நான் குளியலறைக்கு எழும்பினாலும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, திரும்பி வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.