ஆறு அங்குலத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மண் லாரி வரும், பின்பக்க வாய்க்காலை மூடிவிடலாம் என்று ஓனரம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது புதன்கிழமை. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்னறைதான் எங்கள் தையல் கடை. என் மிஷினுக்கு நேர் எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அந்த வாய்க்கால். மூன்று ஆள் நீளம், இரண்டு முழம் அகலம், அடியில் சிமெண்டு, அதன்மேல் நாலு விரல் சேறு. நாலு வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் முன்பு அதில்தான் விழும். இரண்டு மாதத்துக்கு முன் தெருவில் புதுக் குழாய் பதித்து அதையெல்லாம் திருப்பிவிட்டார்கள். அப்புறம் பெய்த மழையில் வாய்க்கால் அலசிவிட்ட பாத்திரம் போல ஆகி, தெளிந்த தண்ணீர் நின்றது. ஒருநாள் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், ஒரு சிவப்புத் தட்டான் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கிறது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூடச் சீருடைத் துணியையே பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை வேண்டும். இந்த வீட்டில் நான் எனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

ஓனரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் என்றார் என் கணவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கேட்டால் முடியாது என்றுதான் வரும், எனக்குத் தெரியாதா அந்த அம்மாவை? கேட்கவே கூடாது, செடியை நட்டு, சீவிச் சிங்காரித்துக் கண்முன்னே நிறுத்திவிட வேண்டும், அதன்மேல் மண்ணைக் கொட்ட மனசு வருகிறதா பார்ப்போம் என்றேன். மாஸ்டர் தலையாட்டினார். பொத்தான் நூல் கடித்துக்கொண்டிருந்ததால் அவரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை மதியமே கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். செடிக்கடை அண்ணன் முதலில் கேட்டது தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதைத்தான். எல்லாம் அதில்தான் இருக்கிறதாம். ஒரு சாண் தண்ணீரில் வாழ்கிற செடி அரைச் சாணில் வாழாது என்றார். மாஸ்டர் பெருமையாக அளவு நோட்டைப் பிரித்து, பத்து அங்குலம் என்று படித்தார். நேற்றே வாய்க்காலில் இறங்கி டேப் வைத்து எடுத்த அளவு.

எனக்கோ தலைகால் புரியவில்லை. தொட்டி தொட்டியாக எத்தனை பச்சை! குண்டு குண்டாக மிதந்த ஆகாயத்தாமரையைப் பார்த்ததும் இதுதான் வேண்டும் என்று நின்றேன். அது ஒரே மாதத்தில் வாய்க்காலை அடைத்துவிடும், பிறகு தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது என்று அண்ணன் என் கையிலிருந்து பிடுங்கி வைத்தார். பத்து அங்குலத்துக்குக் குட்டி அல்லி சரியாக வரும் என்று ஏழு அங்குல உயரத் தொட்டியில் இருந்த மூன்றை எடுத்துக் கொடுத்தார். தொட்டிக்கு மேல் மூன்று அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டுமாம். கொசுப்புழுவைத் தின்ன ஒரு பையில் பத்துக் கப்பி மீன்களும் தந்தார். வழியெல்லாம் மடியில் அல்லித் தொட்டி, கழுத்துவரை சேறு, வாயெல்லாம் பல்லாக வந்தேன்.

வந்து முதல் தொட்டியை வாய்க்காலில் வைத்தேன். தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு வெளியே முட்டிக்கொண்டு நின்றது. இலையெல்லாம் குப்புறத் தொங்கியது. சேற்றைத் தள்ளிவிட்டு அழுத்திப் பார்த்தேன், அடியில் சிமெண்டு, எங்கே இறங்கும்? ஓடிப்போய் மர ஸ்கேலைக் கொண்டுவந்து சிமெண்டுவரை விட்டுப் பார்த்தால் ஆறு அங்குலம். சுத்தமாக ஆறு.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். மாஸ்டரின் கையெழுத்து அழகாகச் சொன்னது: ஆழம் 6, மடிப்புக்கு 4, மொத்தம் 10.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேண்ட் தைக்கிறவர். வளர்கிற கால் என்று எல்லா அளவிலும் நாலு அங்குலம் கூட்டி உள்ளே மடித்துத் தைத்தே பழகிய கை. வாய்க்காலுக்கும் மடிப்பு வைத்துவிட்டது.

"மாஸ்டர், வாய்க்கால் அடுத்த வருஷம் எட்டாங்கிளாஸ் போகுதா?"

"மழை வந்தா தண்ணி ஏறும்ல..." என்று இழுத்தார் அவர்.

"நாளைக்கு மண்ணுதான் ஏறும்."

சொல்லிவிட்டேனே ஒழிய எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க நேரம் ஏது? மணி நாலே முக்கால், செடிக்கடை ஆறு மணிக்கு மூடிவிடும். மீன்களை வாளியில் விட்டோம், மூன்று தொட்டியையும் மடியில் ஏற்றினேன், போன வழியே பறந்தோம். மாஸ்டர் ஸ்கூட்டரை அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணன் பூட்டும் கையுமாக வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுத் திரும்பக் கதவைத் திறந்தார். ஆறு அங்குலத்துக்குத் தொட்டியே கூடாது, சேற்றில் நேராக ஊன்றுகிற செடிதான் வேண்டும் என்றார். சுவரோரம் கத்தி கத்தியாக நிற்க வசம்பு. கரையில் படர நீர்ப்பிரம்மி. நடுவில் நாலு இலையை விரித்துத் தண்ணீர்மேல் கிடக்க ஆரைக்கீரை. இருட்டுவதற்குள் இரண்டு பேரும் கணுக்கால் சேற்றில் நின்று ஊன்றி முடித்து, வாளியிலிருந்த மீன்களையும் விட்டோம். இடுப்பு ஒடிந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை என்று சொன்னேன். மாஸ்டர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளாத மாதிரி இருந்தார்.

காலையில் எழுந்து பார்த்தால் தலையில் இடி. நாங்கள் கலக்கிய சேறு அடங்கவே இல்லை. தண்ணீர் கொதிக்கிற டீ மாதிரி இருந்தது. வசம்பு பாதி சாய்ந்து கிடந்தது. மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சீவிச் சிங்காரித்த லட்சணம் அது.

ஒன்பதரைக்கே லாரி சந்துக்குள் பின்பக்கமாக வர ஆரம்பித்துவிட்டது. முன்னால் ஓனரம்மா கையைக் காட்டிக்கொண்டே வந்தார். நான் வாய்க்காலுக்கும் லாரிக்கும் நடுவில் போய் நின்றேன். மாஸ்டரும் கழுத்தில் டேப்போடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

ஓனரம்மா எங்களைப் பார்த்தார், பிறகு எட்டி வாய்க்காலைப் பார்த்தார். என்னம்மா இது என்று கேட்டார். யோசித்து வைத்திருந்த நயமான பேச்சு ஒன்றும் எனக்கு வாயில் வரவில்லை.

"இது என் குளம். ஒன்பது வருஷமா இந்த ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டு தைக்கிறேன். மண்ணைக் கொட்டுறதா இருந்தா என் தலையில கொட்டுங்க."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். ஓனரம்மாவின் முகம் சிவந்துபோனது. போச்சு, வீட்டையே காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, நாத்தம் தாங்கல, மூடுங்க மூடுங்கன்னு மாசாமாசம் வாடகை குடுக்கும்போது என் உயிரை எடுத்தது யாரு? உனக்காகத்தானே லாரிக்குச் சொன்னேன்?"

மாஸ்டர் மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். எட்டு வருஷம் பத்து மாதம், ஒரு மாதம் விடாமல் நான்தான் சொன்னேன். மனசு மாறினதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்பார்கள், அன்றைக்குக் காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

"வேணும்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டிருப்பேனே" என்றார் ஓனரம்மா. லாரியைத் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓனரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் குந்தினார். கலங்கல் தண்ணீரில் ஒரு கப்பி மீன் வாலை ஆட்டிவிட்டு மறைந்தது. அவர் நடுவில் கிடந்த ஆரைக்கீரையைக் காட்டி, இது பூக்குமா என்று கேட்டார்.

அது பூக்காத செடி என்று அண்ணன் எனக்குச் சொல்லித்தான் கொடுத்தார். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பூக்கும்மா. எல்லாமே பூக்கும்" என்றேன்.