சிரிப்பு வராவிட்டால் தண்ணீர் குடிக்கவும்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் இலக்கிய ஆர்வம் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர்.

என் தொழில் மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்வது. ஸ்டாண்ட்-அப் காமெடி என்றால் பலருக்குப் புரிகிறது. என் மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, இன்னும் புரியவில்லை. "நின்னுக்கிட்டுப் பேசறதுக்கு எதுக்குத் தனியா ஒரு பேரு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

குரல்நாணில் ஒரு சின்னக் கட்டி. எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு டாக்டரம்மா சொன்னார்: "பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். கனைக்காதீங்க. சத்தமா சிரிக்காதீங்க. நான் பாத்துச் சொல்றவரைக்கும் வாயையே திறக்க வேண்டாம்."

குரல் பழையபடி வந்துவிடுமா என்று எழுதிக் காட்டினேன். "பாப்போம்" என்றார். டாக்டர்கள் 'வரும்' என்று சொல்லிப் பழகாதவர்கள்.

சும்மா இருந்தால் மூளை துருப்பிடித்துவிடும் என்று பயந்து கதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். மேடையாக இருந்தால் இந்நேரம் யாராவது இருமியிருப்பார்கள். இவ்வளவு நேரமாகச் சிரிப்பு வரவில்லை என்பதற்கு அது அறிகுறி. எழுத்தில் நீங்கள் இருமுவது எனக்குக் கேட்காது. இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"மேடை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தபோது, அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று"

(அந்த ஏதோ ஒன்று என்னவென்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

"ஊரையே சிரிக்க வைக்கும் கோமாளி ஒருவன் இருந்தான். ஆனால் அவன் உள்ளுக்குள்"

(உள்ளுக்குள் அழுதான் என்று எழுதப் போகிறேன் என்பது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த நகைச்சுவைக்காரர்கள் யாரும் உள்ளுக்குள் அழுவதில்லை. வெளிப்படையாகவே அழுகிறார்கள், அதுவும் பார்க்கிங் கிடைக்காவிட்டால்.)

சரி, என்னைப் பற்றி எழுத வேண்டாம், கற்பனையாக ஒருவனை உருவாக்குவோம் என்று கால் உடைந்த நகைச்சுவைக்காரன் ஒருவனை உருவாக்கினேன். மாடிப்படியில் விழுகிறான். மேடை ஏற முடியவில்லை. தவிக்கிறான். இரண்டு பக்கம் நன்றாகவே தவித்தான். அப்போது அக்கா துணி மடித்துக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"கால் ஒடைஞ்சா என்ன? உக்காந்துக்கிட்டு ஜோக் சொல்ல வேண்டியதுதானே?"

சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'இது கற்பனை.'

"கற்பனைல நாற்காலி இல்லையா?"

அவனை அன்றே கைகழுவிவிட்டேன். எனவே என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

3

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் இல்லாமல் கதை நகராது. எனக்குச் சோறு போடுவதும் அவள்தான்.

அவள் ஒரு கண் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க மைக்கில் டோக்கன் எண்களைக் கூப்பிடுவாள். 'எண் பதினேழு, அறை இரண்டு' என்பதையும் 'உங்கள் சட்டையில் தீப்பிடித்திருக்கிறது' என்பதையும் ஒரே குரலில் சொல்லக்கூடியவள். கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அதில் இருப்பதை அப்படியே படிப்பாள். அது அவள் தொழில் தர்மம்.

ஜோக்கைச் சோதித்துப் பார்க்க எனக்கு வீட்டில் இரண்டே பேர். மாமா எல்லாவற்றுக்கும் சிரிப்பார். வானிலை அறிக்கைக்குக்கூடச் சிரிப்பார். அக்கா எதற்கும் சிரிக்க மாட்டாள். ஆக இருவருமே உதவ மாட்டார்கள்.

ஆனால் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பேசாமல் இருப்பவனுக்கு உலகம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. மருந்துக் கடையில் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். கடைக்காரர் சிலேட்டை வாங்கி, பதிலை எழுதிக் காட்டினார். 'எனக்குக் காது கேட்கும்' என்று எழுதினேன். 'அப்படியா' என்று எழுதினார்.*

தினமும் காலையில் இப்படி எதையாவது எழுதினேன். ஆனால் சொல்லிப் பார்க்கிறவரை ஜோக் ஜோக்காகாது. அதுவரை அது வெறும் சந்தேகம்தான். என்னிடம் நிறையச் சந்தேகங்கள் சேர்ந்துவிட்டன.

(* நடந்தது இதுதான். மேடைக்கு எழுதியபோது கடைக்காரரை ஒரு போலீஸ்காரராக மாற்றினேன். சிரிப்பு கூடும். எனக்கு வெட்கம் கிடையாது.)

4

சோடாபுட்டி வந்தார். கண்ணாடியால் வந்த பெயர். ஒரு காபிக் கடையின் மாடியில் வாராவாரம் நகைச்சுவைக் கூட்டம் நடத்துபவர். அதில் பத்து நிமிடம் என்னுடையது. அதைப் பிடிக்க நான் எத்தனை பேர் காலில் விழுந்தேன் என்பது தனிக் கதை. அதையும் எழுதலாம், ஆனால் அதில் என் பங்கு அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை.

"உன் இடத்தை வேற யாருக்காவது குடுக்கட்டுமா? ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

ஒரு பேச்சுக்கு என்று வந்தவர் யாரும் பேச்சோடு நின்றதாக எனக்கு நினைவில்லை. சிலேட்டை எடுத்தேன். என்ன எழுதுவது? அந்தப் பத்து நிமிடம் போய்விட்டால் நான் அக்கா வீட்டு முன்னறையில் தூங்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

"அவன் எழுதித் தரட்டும். நான் படிக்கறேன்" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

"உங்களுக்கு மேடைப் பழக்கம் உண்டாங்க?"

"நாளெல்லாம் மைக்லதானே இருக்கேன்?"

என் தாள்களைக் கொடுத்தேன். ஒரு விஷயத்தை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான் ஜோக்கோடு சேர்த்து எனக்கான குறிப்புகளையும் அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுவேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்பு வரும், வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம். அவை எனக்கு மட்டும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். டோக்கன் கூப்பிடும் தொழிலில் யாருக்கும் தெரியாது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மருத்துவமனைச் சீருடையிலேயே மேடையேறினாள். தாளைப் பிரித்தாள்.

"நான் பேசாம இருக்க ஆரம்பிச்சதுலேர்ந்து, சொந்தக்காரங்க எல்லாம் நான் திருந்திட்டேன்னு சொல்றாங்க. சிரிப்பு. இரண்டு நொடி நிற்கவும்."

நின்றாள். கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"அடுத்தது கொஞ்சம் சுமார். அவர்கள் யோசிப்பதற்குள் கடந்துவிடவும்."

கடந்தாள். என் காதெல்லாம் சூடானது. கையை ஆட்டிப் பார்த்தேன். அவள் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இங்கே கைதட்டல் வரும். வராது. வந்தால் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. சிரிப்பு வராவிட்டால் தண்ணீர் குடிக்கவும்."

டம்ளரை எடுத்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள். அதற்கு ஒருவர் நாற்காலியிலிருந்தே சரிந்தார். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்குச் சிரிக்க அனுமதி இல்லை.

வயிறு எரிந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். என் ஜோக்குகளுக்கு அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லும்போது நான் எப்படிப் பயப்படுகிறேன் என்பதற்குச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டு நிறையத் திட்டினேன். அவள் பொறுமையாகப் படித்தாள்.

"தாள்ல இருந்தாப் படிப்பேன். வேண்டாம்னா எழுதாதே."

5

அடுத்த வாரமும் அக்காவைக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வாரமும்.

நான் கெட்டிக்காரன் அல்லவா, அடைப்புக்குறிகளை இப்போது வேண்டுமென்றே எழுதினேன். ஜோடித்த பயங்கள், மெருகேற்றிய சந்தேகங்கள். அக்கா ஒத்திகை பார்க்கும்போதே பென்சிலால் அடித்தாள்.

"இது பொய். இதுவும் பொய். இது உண்மை, ஆனா போன வாரம் படிச்சாச்சு."

'உனக்கு எப்படித் தெரியும்?' என்று எழுதினேன்.

"சின்ன வயசுலேர்ந்து உன் பொய்யைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

ஆகவே வாரம் ஒரு உண்மையான பயத்தைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. மேடையில் வாய் கிழியப் பேசிய காலத்தில் நான் இவ்வளவு எழுதியதே இல்லை. வயதாவது பற்றி எழுதினேன். முன்வரிசையில் கைபேசியைப் பார்ப்பவர் பற்றி எழுதினேன். எனக்கே சிரிப்பு வராத ஜோக்கை நூறு தடவை சொல்லியிருப்பது பற்றி எழுதினேன். எல்லாம் நன்றாக எடுபட்டன.

ஒரு பயத்தை மட்டும் எந்தத் தாளிலும் எழுதவில்லை. இந்தக் கதையிலும் இதுவரை

(அப்புறம் வருகிறேன்.)

6

முடிவுகள். கையிருப்பில் உள்ளவை:

குரல் திரும்பி வருகிறது. அவன் மேடையேறுகிறான், கூட்டம் எழுந்து நிற்கிறது. (எழுந்து நிற்கும் கூட்டத்தை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். தீயணைப்பு அலாரம் அடித்தது.)

குரல் திரும்பவில்லை. அக்கா பெரிய நகைச்சுவை நட்சத்திரமாகிறாள், அவன் எழுதிக் கொடுக்கிறான், இருவரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். (மாமா இதைப் படித்துச் சிரித்தார். அவர் சிரித்ததற்காக ஒரு முடிவை வைத்துக்கொள்ள முடியாது.)

தம்பிக்கும் அக்காவுக்கும் சண்டை. பிரிகிறார்கள். (அவளிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. என்னிடம் இல்லை. நடைமுறைக்கு ஒத்துவராது.)

மூன்றும் சரியில்லை. காரணம், மூன்றும் பொய். அக்கா பார்த்தால் பென்சிலால் அடித்துவிடுவாள்.

7

டாக்டரம்மா என்னைப் பேசச் சொல்லிக் கொஞ்ச நாளாகிறது.

ஆமாம். அன்றைக்குத் தனியாகத்தான் போயிருந்தேன். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். "நல்லா ஆறிடுச்சு. 'ஈ'ன்னு ஒரு சத்தம் குடுங்க" என்றார். தலையை ஆட்டி மறுத்தேன். பயந்தவர்களைப் பார்த்துப் பழகியவர், வற்புறுத்தவில்லை. "வீட்டுல போயி மெதுவா ஆரம்பிங்க. முதல்ல கரகரன்னு வரும். தெளியலாம், அப்படியே நின்னுடவும் செய்யலாம். பேசிப் பாத்தாத்தான் தெரியும்."

வீட்டுக்கு வந்து சிலேட்டில் எழுதினேன்: 'இன்னும் பேசக் கூடாதாம்.' அக்கா சரி என்று தலையாட்டினாள். பொய்யைக் கண்டுபிடிப்பவள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. நான் டாக்டர் விஷயத்தில் பொய் சொல்வேன் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள்.

பேசாதவரை நான், டாக்டர் தடுத்ததால் மேடையேறாத நகைச்சுவைக்காரன். வாயைத் திறந்து கரகரவென்று ஏதோ வந்து, அதுவே நிலைத்துவிட்டால் நான் யார்? வேறு தொழில் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

இந்தக் கதையை முடித்துவிட்டுப் பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்கு ஏன் இத்தனை தொடக்கம், ஏன் இத்தனை முடிவு என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். உத்தி என்று யாராவது விமர்சனத்தில் எழுதினால் மறுக்காதீர்கள்.

8

நேற்று இங்கேயே நிறுத்திவிட்டேன். இன்று மதியம் அக்கா வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"டாக்டரம்மா போன் பண்ணாங்க. பேச ஆரம்பிச்சுட்டாரா, எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

சிலேட்டை எடுத்தேன். அதைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த மேடைல நிக்கறது எனக்கு ஒண்ணும் இனிக்கல. ஒவ்வொரு தடவையும் கால் நடுங்குது. பஸ்ல துண்டைப் போட்டு இடம் பிடிக்கற மாதிரி உனக்குப் பிடிச்சு வெச்சிருக்கேன். நீ வண்டிலயே ஏற மாட்டேங்கறே."

டோக்கன் குரல்தான். ஆனால் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் தாங்கவில்லை.

மடிக்கணினியில் 'பழைய குரல் வராவிட்டால்?' என்று தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"வரலன்னா வரல. வந்த குரலை வெச்சுக்கிட்டு என்ன பண்ணலாம்னு பாப்போம். இப்ப ஜோக் சொல்லுன்னு கேட்டேனா? அக்கான்னு ஒரு தடவை கூப்பிடு. அது போதும்."

திரையைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இதைத் தட்டிக்கொண்டிருப்பதும் நேரத்தைக் கடத்தத்தான் என்று அவளுக்குத் தெரியும். மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இந்த வாக்கியம் முடிந்ததும் மூடிவிடுவாள். எனவே முடிவு உங்கள் பொறுப்பு. சொல் எதுவென்று தெரிந்துவிட்டது, குரல் எப்படி என்பதை மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பார்த்து, நல்லபடியாகப் போடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.