வேலைக் குரல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று வீட்டுக் குரல். அது எட்டு ஊருக்குக் கேட்கும். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் மகளின் மார்க் குறைந்தாலும் ஒரே சத்தம்தான். அளவு பார்த்துக் கத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. இன்னொன்று வேலைக் குரல். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கிவிட்டால் மனிதர் அடங்கிப் பேசுவார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம். கூட இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கை அசையும். இருபது வருடத்தில் அவரோடு வேலை செய்த ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போகாததற்கு அந்தக் குரல்தான் காரணம். வீட்டில் அதை யாரும் கேட்டதே இல்லை. அந்த வெட்கக்கேட்டை அவர் யோசித்துப் பார்த்ததும் இல்லை.

அந்தப் பத்து மாடிக் கட்டடத்துக்கு ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக வந்திருந்தார். புகார் ஒன்றேதான்: பட்டப்பகலில் லிஃப்ட் நடுவழியில் தானாக நிற்கிறது. இரண்டு தடவை நோண்டிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. போதாக்குறைக்கு, மாடிகளில் இருக்கும் வெளிக்கதவைத் திறக்க அவர் வைத்திருந்த சாவிகளில் ஒன்றைக் காணவில்லை. அதற்காக நேற்று வீட்டில் ஆடித் தீர்த்துவிட்டார். மகள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்து எழுந்து போனாள்.

காலை பதினொரு மணிக்கு உள்ளே ஏறிப் பத்தாவது மாடி பட்டனை அழுத்தினார். ஏழாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் குலுங்கி நின்றது. தலைக்கு மேல், கூரையில், காலடிச் சத்தம்.

விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. ஏதோ ஒரு மாடியில் சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்திருக்கிறார்கள். கதவு திறந்தால் லிஃப்ட் நிற்கும்; மூடினால் விட்ட இடத்திலிருந்து கிளம்பும். அதன் தலையில் ஏறிச் சவாரி போகிற விளையாட்டு இது. படிக்கட்டில் யாரோ தலைதெறிக்க ஓடி இறங்கினார்கள். பின்னாலேயே காவலாளியின் விசில்.

"எந்தக் கழுதைடா கதவத் தொறந்து போட்டது?"

காவலாளி ஒவ்வொரு மாடியாக ஏறி, கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். திறந்திருக்கும் கதவை அவர் மூடிய அடுத்த நொடி லிஃப்ட் மேலே பாயும். மெக்கானிக் அவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆள் போனைக் கீழே மேஜையில் வைத்துவிட்டுத்தான் படியேறுவார். லிஃப்டின் கதவையும் உள்ளிருந்து திறக்க முடியாது. நடுவில் நின்றால் தானாகப் பூட்டிக்கொள்கிற பூட்டை, போன வருடம் மாட்டியவரே அவர்தான்.

கத்தலாம். கத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் குழிக்குள் எழும் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே வெளியே தெரியாது. மேலே இருப்பவரோ பயந்து துள்ளிவிடுவார்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய அவருடைய மகளின் குரல்.

அவள் பெயர் முழு வீட்டுக் குரலில் தொண்டை வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கேன். எங்க நிக்கிற?"

"ஒரு கால் லிஃப்ட் மேல. இன்னொரு கால் எட்டாவது மாடிக் கதவோட விளிம்புல. கதவு தொறக்க மாட்டேங்குது சார்."

சார் என்கிறாள். பெற்ற மகளுக்கு அப்பாவின் குரல் அடையாளம் தெரியவில்லை. வலித்தது. ஆனால் வலிக்கு இப்போது நேரமில்லை. லிஃப்ட் ஒரு முழம் ஏறினாலே அவள் கால் லிஃப்டுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

"விளிம்புல இருக்கற கால எடுத்து லிஃப்ட் மேல வை. சொன்னதத் திருப்பிச் சொல்லு."

"எதுக்கு சார்?"

கீழே டம்மென்று ஒரு கதவு தட்டப்பட்டது. நாலாவது மாடியாக இருக்கும்.

"சொல்லும்மா."

"விளிம்புல இருக்கற கால எடுத்து லிஃப்ட் மேல வைக்கணும்." தகரம் முனகியது. "வச்சுட்டேன்."

"நடுவுல உக்காரு."

"நடுவுல உக்காரணும். உக்காந்துட்டேன்."

"பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும். அதுல காளான் மாதிரி ஒரு செவப்பு பட்டன். அத அழுத்து."

"செவப்பு பட்டன அழுத்தணும்." பட்டன் விழுகிற சத்தம் கேட்கவில்லை. "சார், இருட்டா இருக்கு. நெறம் தெரியல. ரெண்டு மூணு இருக்கு."

அடுத்த கதவு தட்டப்பட்டது. குரலை அவர் இம்மியும் ஏறவிடவில்லை.

"தடவிப் பாரு. எல்லாத்துலயும் பெருசு எதுவோ அது."

"எல்லாத்துலயும் பெருசு."

டக்.

ஒரு மூச்சு விட்டிருக்க மாட்டார். கீழே ஆறாவது மாடிக் கதவு அறைந்து மூடப்பட்டது. லிஃப்ட் அசையவில்லை.

அவர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சார், எங்க அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. சாவி அவரோடது."

"அடிப்பாரா?"

"அடிக்கல்லாம் மாட்டார். கத்துவார். என்ன ஆச்சுன்னு கேக்கறதுக்குள்ளயே கத்தி முடிச்சிருவார். அதான் எதையும் சொல்றதில்ல. கூட வர்ற பசங்கதான் நான் சொல்றதக் கேப்பானுங்க சார்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப விட்டுட்டு ஓடிட்டானுங்க."

நான்தான் என்று சொல்லிவிடலாமா? பதறி எழுந்துவிடுவாள் என்று பயந்தார்.

"உன் முன்னாடி ஓரத்துல தடவிப் பாரு, ஒரு இரும்புப் பிடி இருக்கும். உக்காந்தபடியே அத இழு."

"உக்காந்தபடியே இரும்புப் பிடிய இழுக்கணும்."

லிஃப்ட் கதவின் பூட்டு விட்டது. கதவைத் தள்ளித் திறந்து ஏழாவது மாடியில் குதித்தார். எட்டாவது மாடிக்கு எப்படி ஏறினாரென்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது. தன்னிடமிருந்த சாவியைப் போட்டு வெளிக்கதவைத் திறந்தார்.

ஒரு படி கீழே, மடியில் பையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவர் நெஞ்சில் அதுவரை திரண்டிருந்த கத்தல் அந்த இடத்திலேயே நின்றுபோனது.

"மொதல்ல பையக் குடு," என்றார், கூரைக்குக் கீழே பேசிய அதே குரலில். "அப்புறம் கையக் குடு."

கைகள் காதிலிருந்து மெல்ல இறங்கின. அவரையே உற்றுப் பார்த்தாள்.

"மொதல்ல பை," என்றாள். "அப்புறம் கை."

ஆறாவது மாடிக் கதவில் மாட்டியிருந்த சாவியோடு காவலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "யாருங்க இது? போலீஸுக்குச் சொல்லட்டா?"

"என் பொண்ணுங்க. கொஞ்ச நேரம் கீழ இருங்க, வரேன்."

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். காவலாளி கொடுத்துவிட்டுப் போன சாவியை அவள் எடுத்து நடுவில் வைத்தாள்.

"பத்து நாளா நான் ஸ்கூலுக்குப் போகலப்பா."

கட்டின ஃபீஸ், அவளுடைய அம்மாவின் கண்ணீர், சொந்தக்காரர்கள் வாய், எல்லாம் அவர் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பத்து நாளா நீ ஸ்கூலுக்குப் போகல," என்றார்.

மிச்சத்துக்காக அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை. அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.