மெத்தைக் கடைக்காரரின் கூரை

தங்கை போனை அக்காவின் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தாள். கை மரத்துவிட்டது. மாற்றிப் பிடிக்கலாம் என்று லேசாக அசைத்தாலும் அக்காவின் புருவம் சுருங்கியது.

“கணக்கம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க.”

மெத்தைக் கடைக்காரருக்குக் குரலைத் தாழ்த்தவே வராது. கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற அத்தானுக்கும் எல்லாம் கேட்டது.

“மழையில கிடங்கு நனைஞ்சு பாதிச் சரக்கு போச்சு. ஆனா மழை பெஞ்சது வருஷக் கணக்கு முடிஞ்சப்புறம். நஷ்டத்தைப் போன வருஷத்துல காட்டணுமா, இந்த வருஷத்துலயா?”

“வைக்கச் சொல்லு அந்த ஆளை,” என்றார் அத்தான். “இந்த நிலைமையில இருக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது?”

அக்கா போர்வைக்கு வெளியே ஒரு விரலைத் தூக்கினாள். அத்தான் வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த விரலுக்குக் கட்டுப்பட்டவர்.

சுற்றியிருந்த கடைகளுக்கெல்லாம் அக்காதான் கணக்கு எழுதினாள். சாப்பாட்டு மேசைதான் அவள் அலுவலகம். பேக்கரிக்காரர், சைக்கிள் கடைக்காரர், கண்ணாடி வெட்டுகிறவர் என்று எல்லோரும் அங்கே வந்து உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். உடம்பு சரியில்லை என்று தெரிந்த பிறகு எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். இவர் ஒருவர்தான் விடவில்லை.

“மழை இருக்கட்டும் அண்ணே,” என்றாள் அக்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. “வருஷக் கடைசி நாள் அன்னைக்கு உங்க கூரை எப்படி இருந்துது?”

“கல்லு மாதிரி இருந்துதும்மா.”

“அப்படின்னா போன வருஷத் தொகையைத் தொடாதீங்க. கீழ ஒரு குறிப்பு போட்டா போதும். மழை வந்துது, சரக்கு போச்சுன்னு. ஆனா அன்னைக்கே ஒழுகிட்டு இருந்து, சரக்கு அப்பவே கெட்டிருந்தா கதை வேற. போன வருஷத் தொகையையே மாத்தணும்.”

“எனக்குத் தெரியாமக் கெட்டிருந்தா?”

“தெரியாதது உங்க பாடு. கெட்டது கெட்டதுதானே?”

“இப்ப போய் அதை எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?”

“கறையைப் பாருங்க. இப்ப நனைஞ்சதுன்னா இன்னும் ஈரம் இருக்கும். பழசுன்னா காஞ்சு, ஓரத்துல பழுப்பா வளையம் கட்டியிருக்கும். பாத்துச் சொல்லுங்க.”

“பாத்துட்டு நேர்ல வரேன். ஆமா, மெத்தை சௌகரியமா இருக்கா?”

அக்காவின் உதட்டோரம் கொஞ்சம் இழுபட்டது. “அதை எந்தக் கணக்குல எழுதினீங்க?”

“மாதிரிச் சரக்கு!”

போனை அணைத்ததும், “திருட்டு மனுஷன்,” என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டாள்.

தங்கை காத்திருந்தாள். அவளுக்கும் ஒரு கேள்வி இருந்தது.

மருத்துவர் முதல் நாளே கேட்டார், எவ்வளவு நாளாக வலி என்று. “இப்பத்தான் டாக்டர், கணக்கு முடிச்சப்புறம்,” என்றாள் அக்கா. அவர் எழுதிக்கொண்டார். பிறகு தங்கையை மட்டும் வெளியே கூப்பிட்டு, “இன்னும் முன்னாடி வந்திருக்கலாம்,” என்றார்.

தங்கைக்கு வேறு ஊரில், தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை. எந்தப் புட்டி வந்தாலும் முதலில் அதிலுள்ள தண்ணீரை எப்போது எடுத்தார்கள் என்றுதான் பார்ப்பாள். கணக்கு முடிக்கிற மாதங்களில் அவள் போன் செய்தால் அக்கா, “முடியட்டும்டி, அப்புறம் பேசறேன்,” என்று வைத்துவிடுவாள். அந்தக் குரலில் வலி இருந்ததா? எத்தனையோ முறை நினைவுபடுத்திப் பார்த்தாள். குரல் மட்டும் ஞாபகத்துக்கு வந்தது. வலி கணக்கு முடிந்த பிறகுதான் வந்தது என்றால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதை மட்டும் அக்கா தன்னிடமும் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

விழித்ததும் கேட்டுவிடலாம் என்று நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டாள். அத்தான் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்தார். திரும்ப எடுத்துக்கொண்டு போனார். மறுபடியும் சுடவைத்துக் கொண்டுவந்தார். மூச்சின் சத்தம் நீண்டது, இடைவெளி விட்டது, மறுபடி வந்தது. தங்கை அக்காவின் உள்ளங்கையைத் தேய்த்தாள். போர்வையைச் சரிசெய்தாள். செய்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. ஒரு இடைவெளிக்குப் பிறகு சத்தம் வரவில்லை. அத்தான் டம்ளரைப் பிடித்தபடியே நின்றார்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. வந்தவர்கள் எல்லோரும் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டார்கள்.

“எப்ப ஆரம்பிச்சது?”

“கணக்கு முடிஞ்சப்புறம்தான். திடீர்னு படுத்துட்டா. அதுவரைக்கும் தலைவலின்னுகூடச் சொன்னதில்ல.”

சொல்லச் சொல்ல அத்தானுக்குச் சொற்கள் பழகிவிட்டன. அழாமல் சொல்ல முடிந்தது.

மெத்தைக் கடைக்காரர் பின்வாசல் வழியாக வந்தார். மெலிந்த, உயரமான மனிதர். போனில் கேட்ட குரலுக்குப் பொருந்தவே இல்லை. தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“நேத்து நான் பேசியிருக்கக் கூடாதும்மா.”

“பரவாயில்ல அண்ணே. உங்ககூடப் பேசினப்பதான் சிரிச்சா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முன்னறையிலிருந்து அத்தான் எட்டிப்பார்த்தார். “அந்த மெத்தையைக் கொஞ்சம் வெளிய போட்டுடுங்களேன். அந்த ரூம் பக்கம் போகவே முடியல என்னால.”

தங்கை தலைமாட்டையும் கடைக்காரர் கால்மாட்டையும் பிடித்தார்கள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கதவு குறுகல். மெத்தையை நிமிர்த்தித்தான் வெளியே எடுக்க முடிந்தது.

“அவசரமா அனுப்பினீங்க போல,” என்றாள் தங்கை, எதையாவது பேச வேண்டுமே என்று. “ஆஸ்பத்திரியிலேருந்து வந்தன்னைக்கா?”

“இல்லம்மா, அதுக்கு ரொம்ப முன்னாடி. வருஷக் கடைசிக்கு முன்னாலயே, கணக்கு வேலை உச்சத்துல இருந்தப்ப. முதுகு விட்டுப்போகுது அண்ணே, ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறேன்னாங்க. டாக்டரைப் பாருங்கன்னேன். உங்க கணக்கெல்லாம் யாரு முடிப்பாங்கன்னு என் வாயை அடைச்சிட்டாங்க. வீட்டுல கேட்டா நானா குடுத்ததுன்னு சொல்லச் சொன்னாங்க.”

தங்கை மெத்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கொல்லைப்பக்கத்து வெளிச்சத்துக்கு வந்ததும் கடைக்காரர் நின்றுவிட்டார். மெத்தையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். குனிந்து விரலால் தடவினார். ஒரு மூலையில் தட்டு அகலத்துக்குக் கறை. நன்றாகக் காய்ந்திருந்தது. ஓரத்தில் பழுப்பாக வளையம் கட்டியிருந்தது.

“சத்தியமா எனக்குத் தெரியாதும்மா,” என்றார். முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. “புதுசுன்னு நினைச்சுத்தான் அனுப்பினேன். அப்பவே ஒழுகியிருக்கு.”

“ம்.”

“தினமும் அந்தக் கூரைக்குக் கீழதானே உக்காந்திருக்கேன். எப்படித் தெரியாமப் போச்சு?”

தங்கை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் புதிதாக யாரோ வந்திருந்தார்கள். “கணக்கு முடிஞ்சப்புறம்தான்,” என்று அத்தான் சொல்வது கேட்டது. “அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.”

“இப்ப நான் என்னம்மா பண்றது? குறிப்பு போட்டா போதும்னாங்களே?”

“போதாது அண்ணே. தொகையை மாத்தணும்.”

“மாத்தினா?”

அக்காவைக் கேட்டால் தெரியும்.

சுவரில் சாய்த்து வைக்கும்போது கறைப் பக்கம் வெளியே இருந்தது. உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. தங்கை கடைக்காரரைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்தது. இருவரும் சேர்ந்து மெத்தையைத் திருப்பினார்கள்.

அத்தான் வந்து நின்றார். மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.

“நல்ல மெத்தை,” என்றார். “புதுசு மாதிரியே இருக்கில்ல?”

“ஆமா அத்தான்,” என்றாள் தங்கை. தோளைக் கொடுத்து அதைச் சுவரோடு இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.