முழுப் பெட்டி

சென்னையில் மலைக்கு எங்கே போவது? அடையாற்றங்கரை ஒன்றுதான் ஸ்ரீரஞ்சனிக்குக் கிடைத்த சரிவு. ஏற்காட்டுத் தோட்டங்களுக்காக அவள் வடிவமைத்த காப்பிப்பழம் பறிக்கும் இயந்திரம் அங்கேதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு கைகள் கிளையைப் பிடித்து உலுக்கும். பழம் பின்னாலிருக்கும் பெட்டியில் சேரும். பாதிப் பெட்டிவரை தொந்தரவில்லை. அதற்குமேல் நிறைந்தால் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டது.

"நாளைக்கு மெஹபூப் அலி வரார். பாதிப் பெட்டியோட ஓட்டிக் காட்டு" என்றார் முதலாளி கோதண்டபாணி. அலி, இயந்திரம் வாங்க வரும் தோட்ட உரிமையாளர்.

"அங்க இதுக்குக் கீழ பொம்பளைங்க நின்னு பறிச்சுக்கிட்டிருப்பாங்க சார்."

"முதல்ல ஆர்டர் வரட்டும்மா. அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

மந்தைவெளி வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்தாள், ஜன்னலருகே நின்றாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு, பிசைஞ்சிண்டே இருக்கே?" என்றான் கணவன் ஜெயராம்.

"நாளைக்கு ஒரு பொய் சொல்லணும். எனக்கு வருமான்னு பாத்துண்டிருக்கேன்."

வரவில்லை. மறுநாள் அலி கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இயந்திரம் பழத்துக்குப் பதில் வைத்த மணல் மூட்டைகளின் பாதிச் சுமையோடு சமர்த்தாக ஏறியது. கோதண்டபாணி கைகுலுக்கப் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

"ஜாஸ்பர், மீதி மணல் மூட்டையையும் ஏத்திக் கட்டுங்க. கீழ யாரும் நிக்காதீங்க."

மெக்கானிக் ஜாஸ்பர் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். "மேடம், கவுந்துக்கும்."

"தெரியும். கட்டுங்க."

நீண்ட ஒயரின் முனையிலிருந்த பொத்தானை அவளே அழுத்தினாள். இயந்திரம் பாதி தூரம் ஏறி, குதிரைபோல முன்பக்கம் எழும்பி, சேற்றில் மல்லாந்தது. புதரிலிருந்த கொக்குகள் கலைந்து பறந்தன.

கோதண்டபாணி முகம் கறுத்தது. "என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அலி மட்டும் போகவில்லை. கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த லுங்கிக்காரர்கள் நாலு பேர் இறங்கி இயந்திரத்தை நிமிர்த்தினார்கள். ஜாஸ்பர் அதன் மூக்கில் கயிற்றைக் கட்டி, அதை ஏற்றிவந்து மேலே நின்ற லாரியோடு பிணைத்தான்.

"இஸ்துக்கினு வா நைனா, மெதுவா!" என்று லாரி டிரைவருக்குக் குரல் கொடுத்தான்.

லாரி நகர்ந்தது. மூட்டைகள் அப்படியே இருந்தும், இயந்திரம் தரையை விட்டு மூக்கைத் தூக்காமல் ஏறி வந்தது. ஸ்ரீரஞ்சனி சேற்றில் கால் புதைய ஓடி அருகில் போய்ப் பார்த்தாள். கயிறு மேலிருந்து பிடித்திருக்கும்வரை அது கவிழாது.

"தோட்டத்துல மேலயெல்லாம் ரோடு இருக்கும்மா. கயிறு கட்ட மரமும் இருக்கு" என்றார் அலி. "இப்பவே வாங்குறேன்னு சொல்லமாட்டேன். கயித்தோட செஞ்சு காட்டுங்க, வந்து பார்க்கிறேன்."

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து கோதண்டபாணிக்கு அவள் போன் செய்து, கயிற்றையும் அலி கேட்டதையும் சொன்னாள். வெகுநேரம் திட்டினார். கடைசியில், "வரைஞ்சு எடுத்துட்டு வா" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தபடியே நின்றாள்: கயிறு அறுந்தால்?