தாடியை எடுக்க வந்தவர்

தலைவர் என் சலூனுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "தாடியை எடுத்துடுப்பா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தனி மாநிலம் கிடைக்கிறவரை கத்தி படாது என்று மேடையில் சத்தியம் செய்து வளர்த்த தாடி அது. தலைநகரத்துக்காரன் வரியை மட்டும் வாங்கிக்கொண்டு எங்கள் கிராமங்களுக்கு ஒரு ரோட்டைக்கூட ஒழுங்காகப் போட்டுத் தரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எங்கள் பக்கத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்க ஆரம்பித்தோம். "மாநிலம் வருதோ இல்லையோ, தாடியில பேன் வந்துடும்" என்று நானே அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

பெஞ்சில் காத்திருந்த லாரி டிரைவர் எழுந்தே விட்டார். "என்னண்ணே, மாநிலம் குடுத்துட்டாங்களா?"

"இல்ல. போராட்டத்தை வாபஸ் வாங்கிட்டேன். காலையில கையெழுத்துப் போட்டாச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எழுந்திருங்க" என்றேன். "யாரைக் கேட்டுப் போட்டீங்க? ரயில் மறியல்ல பிடிச்சுட்டுப் போன என் பையன் இன்னும் ஜெயில்ல கிடக்கான். அவன் அங்கேயே கிடந்தாலும் பரவாயில்ல, மாநிலம்தான் முக்கியம்னு மைக்கைப் பிடிச்சு ஊரறியச் சொன்னவன் நான். என் மூஞ்சியில கரியைப் பூசிட்டீங்களே."

அவர் எழவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நாம வாபஸ் வாங்கினா அவங்க கேஸை வாபஸ் வாங்குறாங்க. உன் பையன் நாளைக்கு வரான்."

கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"இந்தப் பேச்சு போன வருஷமே வந்துச்சுப்பா. நீ மைக்குல அப்படிப் பேசினப்புறம் உன் முகத்துல எப்படி முழிக்கிறது? முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். போன வாரம் உன் சம்சாரம் என் வீட்டுக்கு வந்து அழுதுச்சு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுச்சு."

போன வருஷமே வந்திருக்க வேண்டியவன். என் வாய் அவனை உள்ளே வைத்திருக்கிறது. வீட்டில் நான் பேசிய வீராப்பையெல்லாம் கேட்டுக்கொண்டே அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

டிரைவர்தான் கேட்டார். "அப்ப நம்ம மாநிலம்?"

"ஒரு கையெழுத்துல அது இல்லாமப் போயிடுமா? வெளியூர்ல லாரியை நிறுத்துறப்ப எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டா என்ன சொல்வே?"

"நம்ம பக்கத்துப் பேரைத்தான் சொல்வேன். வேற எதைச் சொல்ல?"

"அப்புறம் என்ன." சொன்னாரே தவிர, அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பட்ட அடி, பூட்டிக் கிடந்த கடைகள், இத்தனை வருஷம் எல்லாம் எதற்கு? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் துணியை அவர் கழுத்தில் கட்டிக்கொண்டே வாயைத் திறந்தேன்.

"காலையில விடுவாங்களா, சாயங்காலமா?" என்று கேட்டேன்.