மூன்றாவது பூட்டு

கடனுக்காக வங்கி கைப்பற்றிய வீடு அது. புது மேனேஜர் வரும்போதெல்லாம் பூட்டை மாற்றுவார்கள். பூட்டுக்காரருக்கு இது மூன்றாவது முறை. உள்ளே குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. போய் அடைக்கலாமென்றால் எதையும் தொடக்கூடாதாம். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீடு கிடைக்காமல் ஊரே நாயாய் அலைகிறது, இங்கே சுவர் ஊறுகிறது.

“சார், வந்த விலைக்குத் தள்ளிவிட்டா என்ன?”

“வித்தா நஷ்டம் என் தலையில விடியும். பூட்டிக் கிடந்தா கணக்குல பழைய விலையே நிக்கும்.”

“அதுக்குள்ள வீடு விழுந்துடுமே.”

“அதுக்குள்ள எனக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடும்” என்று சாவிக்குக் கை நீட்டினார் மேனேஜர்.

பூட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். கழற்றிய பூட்டைத் துடைத்து, எண்ணெய் விட்டுப் பையில் பத்திரப்படுத்தினார். அடுத்த மேனேஜருக்கு இதுவே போதும்.